பிழைதிருத்துநரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைப்பது எப்படி?

பிழை திருத்துவது என் தொழில். பதினாறு வருடமாகப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஒற்று மிகுமா மிகாதா, ‘ர’வா ‘ற’வா, முந்தின அத்தியாயத்தில் செத்துப்போன மாமா இந்த அத்தியாயத்தில் எப்படி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று நாள் முழுக்கச் சிவப்புப் பேனாவும் கையுமாக இருப்பவள். கூடவே சிறுகதையும் எழுதுவேன். எழுதுவேன் என்பது பாதிப் பொய். இடையில் மூன்று வருடம் ஒரு கதைகூட முடியவில்லை. முதல் வாக்கியத்தை எழுதுவேன். முற்றுப்புள்ளி விழுவதற்குள் கை தானாகத் திரும்பிப் போய் அதைத் திருத்தும். திருத்தியதை மறுபடி திருத்தும். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தாளில் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சும். அதில் பிழை இருக்காது. உயிரும் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான், மனதின் அடியில் கிடப்பதைப் பேச்சின் வழியே தேடும் உளப்பகுப்பாய்வு பற்றிய நூல் ஒன்று மெய்ப்புக்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ‘தணிக்கை’ என்ற சொல். நமக்கே தெரியாமல் இயங்கும் நனவிலி மனதிலிருந்து மேலே வரப்பார்க்கும் எண்ணங்களை ஒரு தணிக்கைக்காரர் வாசலிலேயே மறிக்கிறார், சிலவற்றைத் திருப்பி அனுப்புகிறார், சிலவற்றை வேஷம் மாற்றி உள்ளே விடுகிறார் என்று அந்தத் துறையைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் சொன்னதைப் படித்ததும் எனக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையை அவர் சம்பளமில்லாமல் எனக்குள்ளேயே செய்துகொண்டிருந்தார்.

அப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்ததை என் நோட்டில் சோதித்துப் பார்த்தேன். அதில் எனக்குக் கைகொடுத்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். நான் உளப்பகுப்பாய்வாளர் இல்லை. இது சிகிச்சையும் இல்லை. எழுதவோ வரையவோ உட்கார்ந்து முட்டி நிற்கிறவர்களுக்கான செய்முறை, அவ்வளவுதான். நடுவில் பழைய காயம் ஏதாவது கிளறிவிட்டுத் தூக்கம் கெட ஆரம்பித்தால் நோட்டை மூடிவிட்டு, அதற்கென்று படித்தவரிடம் போங்கள்.

முதலில் ஓர் ஆசையை விட்டுவிடுங்கள்

மேதைமை எங்கிருந்து வருகிறது என்று உளப்பகுப்பாய்வு சொல்லும் என எதிர்பார்க்காதீர்கள். ஃபிராய்டே 1928-இல் தஸ்தயேவ்ஸ்கி பற்றி எழுதியபோது, படைப்பாளி என்கிற புதிருக்கு முன்னால் பகுப்பாய்வு ஆயுதத்தைக் கீழே போடத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

ஆனால் அதற்கு இருபது வருடம் முன்னால், 1907 டிசம்பரில், வியன்னாவில் புத்தக வியாபாரி ஹ்யூகோ ஹெல்லரின் இடத்தில் அவர் ஆற்றிய ஒரு சொற்பொழிவில் நமக்கு உதவுகிற விஷயம் இருக்கிறது. விளையாடுகிற குழந்தை செய்வதைத்தான் எழுத்தாளரும் செய்கிறார் என்றார். குழந்தை தன் விளையாட்டை மிக மும்முரமாகவே எடுத்துக்கொள்கிறது. வளர்ந்த பிறகு நாம் விளையாட்டை விட்டுவிடுவதில்லை, அதைப் பகற்கனவாக மாற்றிக்கொள்கிறோம். குழந்தை ஒளிக்காமல் விளையாடும். நாமோ பகற்கனவை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறோம். செய்த தப்பைக்கூட ஒத்துக்கொள்வோம், பகற்கனவைச் சொல்ல மாட்டோம். எழுத்தாளர் அந்தக் கூச்சமான சரக்கைத்தான் உருமாற்றி, மற்றவர்களும் ரசிக்கிற மாதிரி கொடுக்கிறார்.

ஆக, உங்களிடம் சரக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். கூச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே சரக்கும் இருக்கும்.

இருபது நிமிட நோட்டு

இந்த முறையின் வேர் ஃபிராய்டுக்கும் முந்தையது. லுட்விக் பர்ன என்ற ஜெர்மன் எழுத்தாளர், மூன்றே நாளில் அசல் எழுத்தாளர் ஆவது எப்படி என்று 1823-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். சில தாள்களை எடுத்துக்கொள், மூன்று நாள் தொடர்ந்து மனதில் வருவதையெல்லாம் பொய்யும் பாசாங்கும் இல்லாமல் எழுது, உன்னைப் பற்றி, துருக்கிப் போர் பற்றி, கவிஞர் கதே பற்றி, கடைசித் தீர்ப்பு நாள் பற்றி, உன் மேலதிகாரிகளைப் பற்றி, எதை வேண்டுமானாலும் எழுது என்றார். பர்னவின் நூல்தொகுதி ஃபிராய்டுக்குப் பதினாலு வயதில் கிடைத்தது. பிற்காலத்தில் அந்தக் கட்டுரையை மறுபடி படித்தபோது, தன் முறையின் விதை இங்கே கிடந்ததே என்று ஆச்சரியப்பட்டு 1920-இல் அதைப் பதிவும் செய்தார். சின்ன வயதில் படித்தது அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, பின்னால் சொந்த யோசனை மாதிரி எழுந்து வரும் என்பதற்கு அவரே சாட்சி.

மூன்று நாள் யாருக்கு வாய்க்கிறது? நான் தினமும் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன். மட்டமான நோட்டாக வாங்குங்கள். நல்ல தாளாக இருந்தால் நல்லதாக எழுத வேண்டுமே என்ற பயம் வரும். மணியடிக்கிற கடிகாரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பேனா நிற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, மேலே போய்ப் படிக்கக் கூடாது. ஒன்றுமே வராவிட்டால் ‘ஒன்றும் வரவில்லை’ என்று எழுதிக்கொண்டே இருங்கள். ஐந்தாவது தடவைக்குள் மனசுக்கே அலுத்துப்போய் வேறு எதையாவது நீட்டும்.

சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு ஃபிராய்ட் சொல்லித் தந்த உவமை 1913-இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. ரயிலில் ஜன்னலோரம் நீ உட்கார்ந்திருக்கிறாய், உள்ளே இருக்கும் ஒருவருக்கு வெளியே மாறி மாறி வரும் காட்சிகளைச் சொல்லிக்கொண்டே வருகிறாய், அப்படிச் சொல் என்கிறார். இதில் எனக்குப் பிடித்தது, ஜன்னலோரத்தில் இருப்பவர் எந்தக் காட்சிக்கும் பொறுப்பாளி இல்லை என்பது. குப்பை மேடு வந்தால் குப்பை மேடு. அதை ஏன் காட்டினாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அங்கேயே இன்னொன்றும் சொல்கிறார். எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். சொல்லிக்கொண்டே வரும்போது ‘இது தேவையில்லாதது’, ‘இது அபத்தம்’, ‘இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்’ என்று ஒரு குரல் கிளம்பும். குரல் கிளம்பினால் அதைக் கட்டாயம் சொல்லிவிடு, குரல் வருவதாலேயே சொல்லிவிடு என்கிறார். நான் இதை இப்படி மாற்றிக்கொண்டேன்: ‘தேவையில்லை’ என்று தோன்றியவுடன் ‘இது தேவையில்லை’ என்று அப்படியே எழுதிவிட்டு, தோன்றியதையும் தொடர்ந்து எழுதுவது. முதல் வாரத்தில் ஒரு நாள் எழுதியதை நோட்டிலிருந்து அப்படியே எடுத்துத் தருகிறேன்:

“குழாய் சொட்டுகிறது. இதை எழுதி என்ன ஆகப்போகிறது. பேனா வழுக்குகிறது. மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். தூக்கி வைத்தால் என்ன. அப்பா தூக்கித்தான் வைப்பார். இது தேவையில்லை. கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்கும் என்பார். கீழ்வீட்டில் அப்போது யாருமே குடியில்லை. ஆளில்லாத வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று நாற்காலியைத் தூக்கித் தூக்கி வைத்த மனிதர்.”

மூன்று வருடத்தில் நான் எழுதிய முதல் உயிருள்ள வாக்கியம் அந்தக் கடைசி வாக்கியம்தான். அது எங்கே நின்றுகொண்டிருந்தது பாருங்கள்: ‘இது தேவையில்லை’க்கு இரண்டே வரி பின்னால். அதற்குப் பிறகு நோட்டில் ‘தேவையில்லை’ வருகிற இடத்திலெல்லாம் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவைக்கிறேன். வாரக் கடைசியில் பெருக்கல் குறிக்குக் கீழே உள்ளதை மட்டும் படிப்பேன். மீதி பெரும்பாலும் குழாய் சொட்டுகிற சமாச்சாரம்தான். அதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கைதவறல்களையும் திருத்தாதீர்கள். எனக்கு இது பத்தியம் இருப்பது மாதிரி கஷ்டமாக இருந்தது. நாக்குப் பிறழ்வதும் பேனா பிறழ்வதும் சும்மா நடப்பதில்லை என்பது ஃபிராய்டின் கட்சி. அச்சுப் பிழையையும் அவர் விட்டுவைக்கவில்லை. பட்டத்து இளவரசர் விழாவுக்கு வந்தார் என்று போடவேண்டிய இடத்தில், ஜெர்மன் சொல்லில் இரண்டு எழுத்து இடம் மாறித் ‘தானிய இளவரசர்’ வந்தார் என்று ஒரு பத்திரிகை அச்சடித்துவிட, மறுநாள் போட்ட திருத்தத்தில் இன்னொரு பிழை விழுந்த கதையைத் தன் சொற்பொழிவு ஒன்றில் சொல்லியிருக்கிறார். அந்த அலுவலகத்தில் மெய்ப்புப் பார்த்தவரை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். எல்லாப் பிழைக்கும் அர்த்தம் உண்டு என்பதை நான் நம்பவில்லை. முக்கால்வாசி வெறும் களைப்புதான் என்பதற்குப் பதினாறு வருட அனுபவம் சாட்சி. ஆனாலும் ‘கதவைத் திறக்க முடியவில்லை’ என்று எழுதப்போய் ‘கதையைத் திறக்க முடியவில்லை’ என்று என் பேனா எழுதியபோது, அதைத் திருத்தாமல் விட்டதில் எனக்கு நஷ்டமொன்றும் இல்லை.

கனவு: பொருள் தேடாமல், சொல்லைப் பிடித்துக்கொண்டு போங்கள்

கனவுக்குப் பலன் சொல்கிற புத்தகங்களைத் தூர வையுங்கள். பாம்புக்கு இது, தண்ணீருக்கு அது என்ற பட்டியல் ஃபிராய்டின் வழி அல்ல. பிற்பாடு அவரே குறியீடுகளில் கொஞ்சம் அதிகமாக மயங்கினார் என்பது உண்மைதான். ஆனால் அடிப்படை முறை வேறு. கனவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கனவு கண்டவருக்கு என்னென்ன நினைவு வருகிறது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பல விஷயங்கள் ஒரே படத்தில் நெருக்கியடித்து உட்காருவதைச் செறிவாக்கம் என்றும், முக்கியமான உணர்ச்சி ஒரு சில்லறைப் பொருள் மீது போய் ஏறிக்கொள்வதை இடமாற்றம் என்றும் சொன்னார். சிலேடையிலேயே ஊறிய மொழிக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதே இல்லை. ஒரே சொல், இரண்டு மூன்று பொருள், எல்லாம் ஒரே நேரத்தில் பொருந்தும்.

எழுதிவைப்பதில் ஓர் எச்சரிக்கை. நரம்புகள் வேதிப்பொருள் வழியாகச் செய்தி அனுப்புகின்றன என்று நிறுவி 1936-இல் நோபல் வாங்கிய ஓட்டோ லோவிக்கு, அதற்கான சோதனை கனவில்தான் வந்தது. நடுராத்திரி எழுந்து ஒரு துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. நல்லவேளை, மறுநாள் இரவும் அந்த யோசனை வந்தது. இந்தத் தடவை தாளை நம்பாமல் நேராக ஆய்வகத்துக்குப் போய்த் தவளை இதயத்தை வைத்துச் சோதனையை முடித்துவிட்டார். நமக்கு இரண்டாவது வாய்ப்பு வரும் என்று சொல்ல முடியாது. தலைமாட்டில் நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். கண்ணை முழுதாகத் திறப்பதற்கு முன், பெரிய எழுத்தில், நிகழ்காலத்தில் எழுதுங்கள். ‘போனேன்’ என்று எழுதினால் மனசு உடனே கதை கட்ட ஆரம்பிக்கும். ‘போகிறேன்’ என்றால் கனவு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இது என் அனுபவம், எந்த நூலிலும் படித்ததில்லை.

இப்போது என் கனவு ஒன்று. நீளமான மெய்ப்புத் தாள்கள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சிவப்பு மையில் ‘பிழை’ என்று எழுதியிருக்கிறது. எங்கே பிழை என்று வரிக்கு வரி தேடுகிறேன், ஒன்றும் அகப்படவில்லை. வியர்த்துப்போய் விழித்தேன்.

வேலைப் பயம், வேறென்ன என்று விட்டிருப்பேன். முறைப்படி செய்வோமே என்று துண்டு துண்டாக எழுதினேன். சிவப்பு மை: என் பேனா. நீளமான தாள்: இப்போதெல்லாம் அப்படி வருவதில்லை, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்தது, அப்பா இருந்த காலம். எழுத்து: அந்த ‘ழ’வின் வால் கீழே போய் நீளமாக இடதுபக்கம் திரும்புகிறது. என் ‘ழ’ அப்படி இருக்காது. அது அப்பாவின் ‘ழ’. இங்கே பேனா நின்றது. விதியை மீறாமல் ‘நின்றுவிட்டது’ என்று எழுதினேன். அடுத்து, பிழை: தப்பு. பிழை: பிழைப்பு. பிழை: ‘பிழைப்பாரா?’ அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பன்னிரண்டு நாளும் வீட்டுக்கு வந்த எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அதற்குக் கீழே, நான் தேடிப் போகாத ஒன்று வந்தது. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு முழித்துக்கொண்டு நிற்கும்போது, அப்பா ஒரு நிமிடம் முறைத்துவிட்டுச் சொல்வார்: “சரி, பொழச்சுப் போ.”

கனவில் நான் பெயர்ச்சொல்லாகப் படித்ததை ஏவல் வினையாகவும் படிக்கலாம். பிழை. தப்பு என்றும் ஆகிறது, உயிரோடு இரு என்றும் ஆகிறது. குற்றச்சாட்டும் மன்னிப்பும் ஒரே சொல்.

இதுதான் அந்தக் கனவின் ‘உண்மையான பொருள்’ என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எழுதுகிறவருக்கு அது தேவையும் இல்லை. பகுப்பாய்வாளருக்குப் பொருள் வேண்டும். நமக்குப் போகும் வழியில் உதிர்கிறவை போதும். ஆளில்லாத வீட்டுக்காகத் தூக்கப்பட்ட நாற்காலி, இடதுபக்கம் திரும்புகிற ‘ழ’, பன்னிரண்டு நாள் கேட்கப்பட்ட ஒரே கேள்வி. கனவின் பொருள் இதுதான் என்று அன்றைக்கே முடிவு கட்டியிருந்தால், எழுத ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதனால் என் அறிவுரை: சங்கிலியை எழுதுங்கள், பூட்டுப் போடாதீர்கள்.

சொல் வராதவர்களுக்குக் கிறுக்கல்

குழந்தை மருத்துவராகவும் பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட், தன்னிடம் வரும் குழந்தைகளோடு ஒரு விளையாட்டு ஆடுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோடு கிறுக்குவார், குழந்தை அதை ஏதாவதாக மாற்ற வேண்டும். பிறகு குழந்தை கிறுக்கும், அவர் மாற்றுவார். இதற்கு விதியே கிடையாது. நான் என் அக்கா மகளோடு ஆடிப் பார்த்தேன். ஒரு வளைந்த கோட்டைப் பார்த்து “யானைதானே?” என்றேன். அவள் இரண்டு புள்ளி வைத்து, “சித்தி, இது தூங்குற ஆளு. யானை அவரு கனவுல இருக்கு, தெரியாது” என்றாள். அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒரு கதையின் முதல் பத்தி வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியாது. ஆனால் கை இளகியிருந்தது.

தனியாகவும் செய்யலாம். மரியன் மில்னர் என்ற ஆங்கிலேயப் பகுப்பாய்வாளர், தன்னால் ஏன் ஓவியம் தீட்ட முடியவில்லை என்பதையே ஆராய்ந்து 1950-இல் புனைபெயரில் ஒரு முழு நூல் எழுதினார். திட்டமிட்டு அழகாக வரைய முயன்றபோதெல்லாம் படம் செத்து விழுந்தது. கையைப் போகிற போக்கில் விட்டு, கோடு என்னவாக ஆகிறதோ ஆகட்டும் என்று வரைந்தவைதான் பேசின. அமைதியான காட்சி வரைய உட்கார்ந்தவருக்கு ஆத்திரமும் பயமும் படமாக வந்ததும் உண்டு. அழகாக வர வேண்டும் என்ற பிடிவாதத்துக்குப் பின்னால் எது ஒளிந்திருக்கிறது என்று அவர் பொறுமையாகப் பார்க்கிறார். திருத்தத்திலேயே ஊறிப்போனவர்கள் படிக்க வேண்டிய புத்தகம்.

வின்னிகாட்டிடமிருந்து இன்னொரு சின்ன உத்தியும் எடுத்துக்கொண்டேன். தனியாக இருக்கும் திறமை, யாரோ ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் குழந்தைக்குக் கைவருகிறது என்று 1958-இல் எழுதினார். அம்மா அங்கே இருக்கிறாள், ஆனால் தலையிடவில்லை. குழந்தை தன்னை மறந்து ஆடுகிறது. பூட்டிய அறையில் எழுத்து வராதவர்கள், தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு நல்ல மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ‘என்ன எழுதறே?’ என்று கேட்காத ஆளாக இருக்க வேண்டும். கேட்டால் ஆளை மாற்றுங்கள்.

திருத்துநரை மறுபடி கூப்பிடும் நேரம்

கடைசிவரை கொட்டிக்கொண்டே இருந்தால் கதை ஆகுமா? ஆகாது. 1788-இல் ஜெர்மன் கவிஞர் ஷில்லர், தனக்கு எழுத வரவில்லை என்று குறைப்பட்ட நண்பர் கர்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். வாசலில் உன் அறிவு காவல் நிற்கிறது, வரும் எண்ணங்களை வந்தவுடனேயே கடுமையாகச் சோதிக்கிறது, அதுதான் கோளாறு. படைக்கிற மனம் காவலை விலக்கிக்கொள்கிறது, எண்ணங்கள் முட்டிமோதி உள்ளே வருகின்றன, பிறகுதான் மொத்தக் கூட்டத்தையும் பார்வையிடுகிறது என்பது அதன் சாரம். இந்தக் கடிதத்தை ஃபிராய்டின் சீடர் ஓட்டோ ராங்க் கண்டுபிடித்துச் சொல்ல, ஃபிராய்ட் தன் கனவு நூலின் பிற்பதிப்பில் சேர்த்துக்கொண்டார். கவனியுங்கள், காவலாளியை வேலையைவிட்டு நீக்கச் சொல்லவில்லை. அவருக்குப் பிறகு வேலை இருக்கிறது.

கலை வரலாற்றிலிருந்து பகுப்பாய்வுக்கு வந்த எர்ன்ஸ்ட் க்ரிஸ் இதையே கோட்பாடாக்கினார். படைப்பாளி குழந்தை நிலைக்கு இறங்குகிறார், ஆனால் ஏணி கையில் இருக்கிறது, வேண்டும்போது ஏறி வருகிறார். ஏணி இல்லாமல் இறங்குவது நோய்.

கனவையும் நனவிலியையும் அப்படியே கலையாக்கப் பார்த்த சர்ரியலிசக்காரர்கள் மேல் ஃபிராய்டுக்குச் சந்தேகம் இருந்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் அவரைத் தங்கள் குலதெய்வமாக்கிக்கொண்டார்கள், அவரோ அவர்கள் தலைவர் பிரெத்தோனிடம் உங்கள் இயக்கம் எனக்குப் புரியவில்லை என்று சொல்லிவிட்டார். 1938 ஜூலையில் லண்டனில் அவர்களில் ஒருவரான ஓவியர் டாலி நேரில் வந்து பார்த்த பிறகுதான் கொஞ்சம் மனம் மாறினார். அதுவும் அந்த இளைஞரின் கைத்தேர்ச்சியைப் பார்த்து.

நான் செய்வது: கொட்டுவது காலையில், திருத்துவது மறுநாள் மாலையில், வேறு நாற்காலியில், வேறு நிறப் பேனாவில். இடையில் குறைந்தது ஒரு தூக்கம். என் சிவப்புப் பேனாவைக் காலையில் அடுத்த அறையில் வைத்துவிடுவேன். சிறுபிள்ளைத்தனம்தான். எழுந்து போய் எடுத்து வருவதற்குள் ஆறு வரி நகர்ந்திருக்கும்.

அப்படியும் நகராவிட்டால்

முடக்கத்துக்குப் பின்னால் பயம் இருக்கலாம். குழந்தைகளைப் பகுப்பாய்வு செய்த மெலனி க்ளைன் 1929-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தான் ஒரு பத்திரிகையில் படித்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறார். சுவரில் தொங்கிய ஓவியம் ஒன்றை எடுத்துப் போய்விட்டார்கள். அந்த வெற்றிடம் அவளைப் பாடாய்ப் படுத்தியது, உள்ளுக்குள் இருந்த வெறுமையும் அதுவும் ஒன்றாகிவிட்டது. அதுவரை தூரிகையே பிடிக்காதவள் ஒரு நாள் தானே வரைந்து அந்த இடத்தை நிரப்பினாள். க்ளைன் இதில் பார்ப்பது, மனதுக்குள் நாம் சேதப்படுத்திவிட்டதாக நினைக்கும் பிரியமானவர்களைச் சரிசெய்து மீட்கும் ஆசையை. அவர் சொல்லும் குழந்தைப் பருவப் பயங்கள் எல்லாவற்றையும் என்னால் விழுங்க முடியவில்லை. ஆனால் இந்த இரண்டு கேள்விகளை அவரால்தான் கேட்டுக்கொண்டேன்: இதை எழுதினால் யாருக்கு வலிக்கும்? இதை எழுதி நான் எதைச் சரிசெய்யப் பார்க்கிறேன்? தனித்தாளில் எழுதுங்கள், பெயர் போட்டே எழுதுங்கள், யாருக்கும் காட்டாதீர்கள். என் தாளில் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் இருந்தது. அப்பா பயந்த சுபாவக்காரர் என்று எழுதினால் அவரை இன்னொரு தடவை படுக்கையில் தள்ளுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்றே தெரியாமல் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்தது நின்றது.

பகுப்பாய்வு செய்தால் படைப்பு போய்விடுமோ என்ற பயம் பழையது. கவிஞர் ரில்கே 1912-இல் சிகிச்சைக்குப் போவது பற்றித் தீவிரமாக யோசித்துவிட்டு விலகிக்கொண்டார். பேய்கள் ஓடும்போது தேவதைகளும் கூடவே ஓடிவிட்டால் என்ன செய்வது என்று. நியாயமான கவலைதான். ஆனால் இருபது நிமிட நோட்டுக்கு எந்தத் தேவதையும் பயந்து ஓடாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இந்தக் கருவிகளை எடுத்துக்கொண்டு அடுத்தவர் எழுத்தைப் பிளந்து அவர் அம்மாவைத் தேடாதீர்கள். 1910-இல் ஓவியர் லியோனார்தோ டா வின்சி பற்றி எழுதிய ஃபிராய்ட், தொட்டிலில் கிடந்த தன் வாயைப் பறவை ஒன்று வாலால் திறந்தது என்ற லியோனார்தோவின் குழந்தைப் பருவ நினைவை எடுத்துக்கொண்டார். பறவை கழுகு வகையைச் சேர்ந்த பிணந்தின்னி என்று ஜெர்மன் மொழிபெயர்ப்பில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பறவையின் தலையோடு காட்டப்படும் எகிப்தின் தாய்த்தெய்வம்வரை போய்விட்டார். லியோனார்தோ எழுதிவைத்த சொல் பருந்தைக் குறிப்பது. ஒரு சொல், தப்பாக மொழிபெயர்த்தது, அதன்மேல் ஒரு மாளிகை. மூலத்தோடு ஒத்துப்பார்க்க ஓர் ஆள் இருந்திருக்கலாம். இந்த இடத்தில் மட்டும் என் தொழிலுக்கு நான் கொஞ்சம் பரிந்து பேசுவேன்.

நாற்காலிக் கதை பதினொரு மாதத்தில் முடிந்தது. என் எழுத்துக்கு நானே மெய்ப்புப் பார்க்கக் கூடாது என்று வேறொருவரிடம் போயிற்று. கடைசி வரியில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: பிழை. தாள் திரும்பி வந்தபோது அவர் அதைச் சிவப்பில் வட்டமிட்டு, ஓரத்தில் ‘என்ன பிழை?’ என்று கேட்டிருந்தார். சொல்லுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து, ‘இருக்கட்டும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.